முதல் பாட்டில் 228.5, இரண்டாவது 457: பிள்ளைக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பில் எங்கே தவறுகிறோம்?

சத்துவாச்சாரி அப்பா | செவ்வாய், இரவு 8.40

வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது, எடை 16 கிலோ. போன வாரம் சளி பிடித்து, அதைத் தொடர்ந்து காதுவலி வந்து இரவெல்லாம் அழுதாள். காதைப் பார்த்த குழந்தை மருத்துவர், செவிப்பறைக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கிறது என்றார். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த சிரப், காலை 5 மி.லி., இரவு 5 மி.லி., ஏழு நாள் என்று எழுதிக் கொடுத்தார். கடையில் 30 மி.லி. பாட்டில் ஒன்று கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இரவோடு அது தீர்ந்தது. காய்ச்சலும் நின்றிருந்தது. "பாட்டில் முடிந்தது, மருந்தும் முடிந்தது" என்றார் என் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலை தற்செயலாகச் சீட்டைப் பார்த்தபோதுதான் ஏழு நாள் என்பது கண்ணில் பட்டது.

உடனே வேறு ஒரு கடையில் காலிப் பாட்டிலைக் காட்டி, அதே பெயரில் இன்னொன்று வாங்கினேன். அதே நிறுவனம், அதே அட்டைப்பெட்டி, அதே மணம். அதே 5 மி.லி. கொடுத்தோம். நேற்று மாலையிலிருந்து மகளுக்கு ஐந்தாறு முறை வயிற்றுப்போக்கு. சற்றுமுன் இரண்டு பாட்டில்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பழையதில் 228.5 மி.கி. என்று இருக்கிறது. புதியதில் 457 மி.கி. கை நடுங்கிவிட்டது.

மருத்துவரின் தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை விளையாடுகிறாள், தண்ணீர் குடிக்கிறாள், சிறுநீரும் போகிறாள். இன்றிரவு வேளை மருந்தை இன்னும் கொடுக்கவில்லை. யாராவது சொல்லுங்கள்.

பாகாயம் செவிலியர், ஓய்வு | இரவு 8.52

தம்பி, பிள்ளை விளையாடுகிறாள், சிறுநீர் போகிறாள் என்பது நல்ல செய்தி. குழந்தைகள் வார்டில் முப்பது ஆண்டு வேலை செய்தவள் நான். இந்த 457 குழப்பத்தோடு வந்த பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய பாட்டிலில் 5 மி.லி.க்குள் அமாக்சிசிலின் 200 மி.கி., கிளாவுலானிக் அமிலம் 28.5 மி.கி. புதியதில் அதே 5 மி.லி.க்குள் 400-ம் 57-ம் இருக்கின்றன. ஆக, நேற்று காலையிலிருந்து மூன்று வேளை இரட்டிப்பு மருந்து போயிருக்கிறது. கிளாவுலானிக் அமிலம் குடலைக் கலக்கும். சரியான அளவில் கொடுத்தாலே சில பிள்ளைகளுக்கு வயிறு போகும். 16 கிலோ பிள்ளைக்கு இந்த மூன்று வேளையால் பெரிய ஆபத்து வராது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நான் பார்க்காத பிள்ளைக்கு இங்கே எழுதி மருந்து சொல்ல மாட்டேன். இரவுப் பணி மருத்துவர் இருக்கும் இடத்துக்கு இப்போதே இரண்டு பாட்டில்களையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டருகே யாரும் இல்லாவிட்டால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவிலும் பார்ப்பார்கள்.

அதுவரை ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பிள்ளை துவண்டு கிடந்தால், கண் குழிந்தால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் தாமதிக்கக் கூடாது. முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும் 108-ஐ அழையுங்கள்.

சத்துவாச்சாரி அப்பா | இரவு 8.58

கிளம்புகிறேன் அம்மா. நன்றி.

ஆற்காடு மருந்தாளுநர் | இரவு 10.15

இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீரியம் மாறுகிறது என்பதைச் சொல்லாமல் பாட்டிலை நீட்டியது எங்கள் தொழிலில் நடந்திருக்கவே கூடாத பிழை. காலிப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் 'இது இரட்டிப்பு வீரியம் ஐயா' என்று சொல்ல ஒரு நொடி போதும்.

ஆனால் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்று என்று நினைக்காதீர்கள். அமாக்சிசிலின் சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி., 250 மி.கி. என இரண்டு வகையில் வருகிறது. மற்ற ஆன்டிபயாடிக் சிரப்புகளும் அப்படித்தான்: செஃபிக்சிம் 50, 100. அசித்ரோமைசின் 100, 200. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ இவற்றையெல்லாம் விடச் செறிவானது. அமாக்சிசிலின் சொட்டு மருந்தில் ஒரே ஒரு மி.லி.க்குள் 100 மி.கி. இருக்கிறது. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். பிள்ளை எத்தனை கிலோ என்பதை வைத்து மருத்துவர் மில்லிகிராம் கணக்குப் போட்டு, அதை மி.லி. ஆக்கித்தான் சீட்டில் எழுதுகிறார். பாட்டிலின் வீரியம் மாறிய நொடியில் அந்த மி.லி. செல்லாது. அண்ணனுக்கு எழுதியதைத் தம்பிக்கு 'கொஞ்சம் குறைத்து' கொடுப்பதும் இதே தவறுதான்.

அடுத்தது, பாட்டில் கணக்கு. நாளைக்கு 10 மி.லி. வீதம் ஏழு நாளுக்கு 70 மி.லி. வேண்டும். 30 மி.லி. பாட்டில் மூன்று நாளைக்குத்தான் வரும். இந்தப் பெருக்கலைக் கடையிலேயே போட்டு, எத்தனை பாட்டில் தேவை என்று கேளுங்கள். இந்த சிரப் பொடியாகத்தான் வரும், தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டும். எல்லாப் பாட்டில்களையும் ஒரே நாளில் கரைத்துவிடாதீர்கள். பொடியாக இருக்கும்வரை அட்டையில் உள்ள தேதிவரை இருக்கும். தண்ணீர் ஊற்றிய பிறகு இந்த வகை மருந்துக்கு ஏழு நாள்தான் ஆயுள், அதுவும் குளிர்சாதனப் பெட்டிக்குள்.

குடியாத்தம் தாய் | இரவு 10.31

அண்ணா, தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். மூத்தவனுக்கு இரண்டு வயதில் இதே மருந்து கொடுத்தபோது, பாட்டில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றிவிட்டேன். கோடு இருப்பதே தெரியாது. ஐந்து நாள் கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை. மருத்துவர் பாட்டிலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, 'இது தண்ணீர்தான் அம்மா' என்றார். அன்றைக்கு நான் பட்ட வேதனையை யாரும் படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆற்காடு மருந்தாளுநர் | இரவு 10.50

தங்கச்சி, அந்தக் கோட்டைக் காட்டிக் கொடுக்க வேண்டியது கடைக்காரர் வேலை. நீங்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

லேபிளிலோ பாட்டில் கண்ணாடியிலோ ஓர் அம்புக்குறியோ வளையக் கோடோ இருக்கும். மூடியைத் திறக்கும் முன் பாட்டிலைக் கையில் தட்டிப் பொடியை உதிர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீரை முதலில் பாதி அளவுக்கு ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்க வேண்டும். பிறகு கோடுவரை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் மட்டம் கீழே இறங்கியிருக்கும். அப்போது மீண்டும் கோட்டைத் தொடும்வரை ஊற்றுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சூடான தண்ணீர் ஊற்றக் கூடாது, மருந்து கெடும். சில நிறுவனங்கள் பெட்டிக்குள்ளேயே சுத்தமான தண்ணீரைச் சிறு குப்பியில் வைத்துத் தருகின்றன. அப்படி இருந்தால் அதையே ஊற்றுங்கள். கரைத்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும். குலுக்காமல் கொடுத்தால் முதல் நாளில் மேலே நிற்கும் நீர்த்த மருந்தும், கடைசி நாளில் அடியில் தங்கிய கெட்டி மருந்தும் பிள்ளைக்குப் போகும்.

இன்னொன்று, வீட்டுக் கரண்டி வேண்டாம். ஒரு வீட்டு டீஸ்பூன் 3 மி.லி. பிடிக்கும், இன்னொரு வீட்டுடையது 7 மி.லி. பிடிக்கும். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு எந்தக் கடையிலும் கிடைக்கும், சில ரூபாய்தான்.

ஆம்பூர் மருமகள் | புதன், காலை 6.20

எங்கள் வீட்டில் சிரிஞ்சு இருக்கிறது, கோடு தெரியும், எல்லாம் தெரியும். ஆனால் மாமியார், 'மருந்து சூடு, பச்சைப்பிள்ளைக்குத் தாங்காது' என்று நான் இல்லாத நேரத்தில் பாதிதான் கொடுக்கிறார். தயிர், முட்டை எதுவும் தரக் கூடாது என்று பத்தியம் வேறு. நான் காலையில் ஷூ தொழிற்சாலைக்குப் போனால் இரவுதான் வருகிறேன். சண்டை போடவும் மனமில்லை. அவர் என் பிள்ளையை உயிராக வளர்க்கிறார்.

பாகாயம் செவிலியர், ஓய்வு | காலை 6.55

அம்மா, சண்டை வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் ஏற்பார். பாட்டிகள் சூடு என்று சொல்வதில் அவர்கள் கண்ணால் கண்ட உண்மை இருக்கிறது. வயிறு போகிறது, வாய் புண்ணாகிறது, இடுப்பில் துணி படும் இடம் சிவக்கிறது. ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியோடு உடம்பில் வாழும் நல்ல கிருமியையும் கொல்வதால் வருபவை இவை. அதற்கு மருந்தைப் பாதியாக்குவது வழியில்லை. பாதி மருந்தில் கிருமி சாகாது, தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்ளும். உணவு தொடங்கும்போது கொடுத்தால் அமாக்சிசிலின்-கிளாவுலானிக் மருந்து வயிற்றைக் குறைவாகவே தொந்தரவு செய்யும்.

தயிர்சாதம் தாராளமாகக் கொடுக்கலாம், முட்டையும்தான். நோய்ப்பட்ட பிள்ளைக்குத்தான் சோறு அதிகம் தேவை. பால், தயிர் விஷயத்தில் கவனம் வேண்டிய மருந்துகள் வேறு. சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு கொடுத்தால் பாலில் உள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. டாக்சிசைக்ளினை இரும்புச்சத்து டானிக்கோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. எந்த மருந்தாக இருந்தாலும் ஒரு டம்ளர் பாலில் கலக்க வேண்டாம். பிள்ளை பாதி குடித்துவிட்டு ஓடினால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

கைக்குழந்தைக்குப் பாலாடையில் ஊற்றிக் கொடுப்பவர்களுக்கும் சொல்கிறேன். மருந்து அதன் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். மூக்கைப் பிடித்து ஊற்றும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, சிரிஞ்சைக் கன்னத்தின் உட்பக்கமாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, விழுங்கிய பிறகு அடுத்ததைத் தள்ளுங்கள்.

குடியாத்தம் தாய் | காலை 7.10

கொடுத்தவுடன் வாந்தி எடுத்துவிட்டால்?

பாகாயம் செவிலியர், ஓய்வு | காலை 7.14

அரை மணி நேரத்துக்குள் எடுத்தால் அதே அளவை ஒருமுறை மறுபடி கொடுக்கலாம். அதற்குப் பிறகு எடுத்தால் அடுத்த வேளைக்குக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு வேளையும் வாந்தி என்றால் மருத்துவரிடம் போங்கள். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் கொடுங்கள். இரண்டு வேளையைச் சேர்த்து ஒரேயடியாகக் கொடுக்கவே கூடாது.

காட்பாடி மாணவர் | காலை 8.30

ஒரு சந்தேகம். 'எப்போதும் கடைசிச் சொட்டுவரை கொடுங்கள்' என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். குறைந்த நாள் போதும் என்றும் இப்போது படிக்கிறேன். எது சரி?

பாகாயம் செவிலியர், ஓய்வு | காலை 9.05

இரண்டுமே நோயைப் பொறுத்தது. மருத்துவமனையில் சேர்க்கத் தேவையில்லாத, மூச்சு வேகம் மட்டும் கூடிய நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் ஐந்து நாள் போதும், எச்.ஐ.வி. குறைவான பகுதிகளில் மூன்று நாளே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் சொன்னது. ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சிக்குப் பத்து நாள் கொடுப்பது வழக்கம். இரண்டாம் நாளே தொண்டை வலி போய்விடும். அதோடு நிறுத்தினால் மிஞ்சிய கிருமியால் பிறகு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடலாம். வார்டில் பத்து வயதுப் பிள்ளைகள் அந்த இதயத்தோடு படுத்திருந்ததை நான் மறக்கவில்லை. எத்தனை நாள் என்று மருத்துவரைக் கேளுங்கள், அவர் சொன்ன நாள்வரை கொடுங்கள். முன்னதாக நிறுத்தத் தோன்றினால் அதையும் அவரிடம் கேட்டே செய்யுங்கள்.

அணைக்கட்டு ஆசிரியை | காலை 9.40

குளிர்சாதனப் பெட்டி என்று எல்லோரும் சுலபமாக எழுதிவிட்டீர்கள். நான் பீஞ்சமந்தை பக்கம் மலைப்பள்ளியில் வேலை செய்தவள். என் வகுப்பில் பல பிள்ளைகளின் வீட்டில் அது கிடையாது. இருந்தாலும் மின்சாரம் நிற்காது என்ற உறுதி இல்லை. கீழே ஊரிலும் மே மாத வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஓட்டு வீட்டுக்குள் இன்னும் கொதிக்கும். பானைத் தண்ணீரில் பாட்டிலை மிதக்கவிட்ட தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். சரியா, தவறா?

ஆற்காடு மருந்தாளுநர் | காலை 10.20

டீச்சர், இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த கரைசல் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பானை அவ்வளவு குளிராது. மூடி வழியாகத் தண்ணீர் கசியும் ஆபத்தும் உண்டு. எனவே அதை நம்பச் சொல்ல மாட்டேன்.

வேறு வழி இருக்கிறது. தண்ணீரில் கரையும் அமாக்சிசிலின் மாத்திரைகள் 125, 250 மி.கி. அளவுகளில் வருகின்றன. ஒவ்வொரு வேளைக்கும் ஒன்றைப் பிரித்து, ஒரு கரண்டி சுத்தமான தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ போட்டால் கரைந்துவிடும். மீதி மாத்திரைகள் உறைக்குள் பத்திரமாக இருக்கும். குளிர் தேவையில்லை, கோடுவரை ஊற்றும் வேலையும் இல்லை. குழந்தைகளின் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் இந்த வடிவத்தைத்தான். 'எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை' என்று மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் மாற்றி எழுத முடியும்.

எல்லா சிரப்பும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும் என்றும் இல்லை. கிளாரித்ரோமைசின் கரைசலைக் குளிரில் வைத்தால் கெட்டியாகிக் கசப்பு கூடும். லேபிளைப் படியுங்கள், புரியாவிட்டால் கடையில் கேளுங்கள்.

ஒடுகத்தூர் விவசாயி | காலை 11.45

நான் சொல்ல வந்தது வேறு. என் அக்கா மகனுக்கு ஏழு வயது. போன கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. தங்கைக்கு வாங்கியதில் மிஞ்சியிருந்த செஃபிக்சிம் சிரப் வீட்டில் இருந்தது. நான்கு நாள் அதைக் கொடுத்தார்கள், காய்ச்சல் குறையவே இல்லை. எட்டாம் நாள் முகம் உப்பி, வயிறு வீங்கிய பிறகு வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குளைத் தூக்கிப் பார்த்தார். சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்பாக ஒரு பொருக்கு. ஸ்க்ரப் டைபஸ் என்றார், உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவதாம். அதற்கு டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. வீட்டில் கொடுத்த மருந்து ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பாகாயம் செவிலியர், ஓய்வு | மதியம் 12.30

ஐயா, பையன் பிழைத்தது பெரிய விஷயம். அந்தக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து ஒளிந்து வாழ்வது. அமாக்சிசிலின், செஃபிக்சிம் போன்றவை கிருமியின் வெளிச்சுவரை உடைக்கும் மருந்துகள். இவற்றுக்கு அது அசையாது. டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் கேட்கும். வேலூர், ஜவ்வாது மலையடிவாரம் என்றால் மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் விடாத காய்ச்சலோடு வரும் பிள்ளையின் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் எல்லாவற்றையும் தேடிப் பார்ப்பது வழக்கம். எல்லோருக்கும் பொருக்கு இருக்காது, அதனால் பரிசோதனையும் தேவை. 'டாக்சிசைக்ளின் பல்லைக் கறுப்பாக்கும்' என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளால் வந்த பயம் அது. குறுகிய நாள் கொடுக்கும் டாக்சிசைக்ளினால் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அந்தக் கறை வருவதாகத் தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ் உயிரைப் பறிக்கும். மருத்துவர் எழுதினால் தயங்காமல் கொடுங்கள்.

மிச்ச மருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. டைபாய்டு என்று சந்தேகித்து ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தால், வீட்டில் போன அரைகுறை மருந்து கிருமியை வளரவிடாது. முடிவு 'கிருமி இல்லை' என்று வரும், காய்ச்சல் மட்டும் இருக்கும். என்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டால் திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

ஆற்காடு மருந்தாளுநர் | மதியம் 12.55

செஃபிக்சிம் அட்டவணை எச்1-ல், அதாவது விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் சட்டப் பட்டியலில் இருக்கும் மருந்து. 2014 மார்ச் 1 முதல் அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எவ்வளவு கொடுத்தோம் என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலினுக்கும் அசித்ரோமைசினுக்கும் சீட்டு கட்டாயம். சளி, சாதாரண இருமல், தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கு இவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, ஆன்டிபயாடிக் கேட்காது. 'போன தடவை இதுதான் கேட்டது, கொடுங்கள்' என்று பழைய சீட்டை நீட்டுபவரிடம் நான் மறுத்தால், பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். அப்படி இழந்த வியாபாரத்துக்காக நான் வருந்தவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் வருந்துகிறேன்.

மிஞ்சிய கரைசலை எடுத்து வைக்காதீர்கள். ஏழு நாளுக்குப் பிறகு அதில் எவ்வளவு மருந்து உயிரோடு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சத்துவாச்சாரி அப்பா | புதன், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு பணி மருத்துவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்து, நீர்ச்சத்து குறையவில்லை என்றார். புதிய பாட்டிலில் 2.5 மி.லி. கொடுக்கச் சொல்லி, அதைச் சீட்டில் மில்லிகிராமோடு எழுதினார். இன்று காலை எங்கள் மருத்துவர் காதையும் பார்த்தார். சீழ் குறைந்து வருகிறது, நாளை இரவுவரை இதே 2.5 மி.லி. என்றார். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு துத்தநாகம் 20 மி.கி., 14 நாள். இன்று இரண்டு முறைதான் போயிருக்கிறது.

பாட்டில் கொடுத்த கடைக்கும் போனேன். சண்டைக்காக இல்லை. இரண்டு பாட்டில்களையும் காட்டினேன். அங்கிருந்த பையன் முகம் வாடிவிட்டது. இனி எண்ணைப் படித்துச் சொல்கிறேன் அண்ணா என்றான்.

அம்மாவுக்கு 2.5 என்பதை சிரிஞ்சில் கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது. பொடி எழுத்து, கண்ணும் மங்கல். அந்த இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். இன்றிரவு அவரே பாட்டிலைக் குலுக்கி, கோடுவரை இழுத்து, விளக்கின் கீழே தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஆம்பூர் மருமகள் | இரவு 9.32

நகப்பூச்சு கழுவினால் போய்விடாதா அண்ணா? என் மாமியாருக்கும் இதே பார்வைச் சிரமம்தான்.

சத்துவாச்சாரி அப்பா | இரவு 9.40

வெளிப்பக்கம்தான் போட்டேன் அம்மா, நன்றாகக் காயவிட்டேன். இரண்டு முறை தண்ணீரில் கழுவியும் போகவில்லை. மருந்தின் அளவு மாறினால் மட்டும் பழைய கோட்டை அழித்துவிட்டு, புது சிரிஞ்சில் போடுங்கள்.